ஏழும் நாற்பதும்

அவர் ஜெர்மன் மொழியில்தான் எண்ணுவார். மற்ற எல்லாம் தமிழில். கோபம், பகிடி, தேவாரம், பெண்சாதியோடு சண்டை எல்லாம் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ். எண்ணத் தொடங்கினால் மட்டும் உதடு மெல்ல அசையும், ஐன்ஸ், ஸ்வை, ட்ரை என்று ஒரு முணுமுணுப்பு வரும். வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும்.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எல்லாரும் ஜெர்மன் அண்ணை என்றார்கள். நான் வெறுமனே அண்ணை என்பேன்.

எதையும் எண்ணுவார். கலியாண மண்டபத்துக்குள் நுழைந்தால் கதிரை வரிசைகளை எண்ணுவார். செத்தவீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களைக் கூட எண்ணினார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னா: "சோறு போட்டால் எத்தினை கரண்டி எண்டு பார்க்கிறார், தங்கச்சி. கூடக் குறைய எண்டில்லை. சும்மா அறிஞ்சு வைக்கவேணுமாம்."

பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால்தான் பெண்களுக்குப் பிடிக்காது.

"அண்ணை, பிள்ளையளை எண்ணாதேங்கோ. கண்ணூறு படும்."

"அதுக்குத்தானே ஜெர்மனில எண்ணுறன். கண்ணூறுக்கு ஜெர்மன் விளங்காது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் அகதியாகப் பதிந்தபோது அவரைக் கிழக்கே, செக் எல்லையோரம் உள்ள ஒரு மலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மலைப்பக்கம் முழுக்க மரவேலைதான். கிறிஸ்மஸுக்கு வைக்கிற சின்ன மரப்பொம்மைகளை வீடுவீடாகக் கடைவார்கள். அவருக்கு அங்கே ஒரு பட்டறையில் பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்தது. ஒரு பெட்டிக்கு ஆடு ஐந்து, மேய்ப்பர் இரண்டு, ராசாக்கள் மூன்று, மாடு ஒன்று, கழுதை ஒன்று, மாதா, சூசையப்பர், கடைசியாகப் பஞ்சில் சுற்றிய பாலன்.

"நெத்தியில திருநீறு. கையில யேசு பாலன். எத்தினை ஆயிரம் பாலனை இந்தக் கையால பஞ்சில சுத்தியிருப்பன் தெரியுமோ? ஒரு ஆடு குறைஞ்சாலும் பெட்டி திரும்பி வரும். முதலாளிக் கிழவி பேசமாட்டா. பெட்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால வைச்சிட்டுப் போயிடுவா. அது பேச்சிலும் மோசம்."

அந்த மலை ஊரில் டிசம்பர் மாதம் கூடுகிற சந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். லண்டனுக்கு வந்து இரண்டாவது வருடமே, இங்கேயும் அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று தேடி, வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு சின்ன நகரத்தைக் கண்டுபிடித்தார். குன்றின் மேல் பெரிய தேவாலயம். அதைச் சுற்றிக் கற்தெருக்களில் மரக்குடில் கடைகள். அந்த ஊர்க்காரர் தாங்களே செய்ததைத்தான் விற்பார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு சனிக்கிழமை, எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து பஸ் ஒன்று பிடித்து அழைத்துப் போவார். சைவக்காரர் நாற்பது ஐம்பது பேர், பொரித்த ரோல்ஸ் பெட்டியும் தேநீர்ப் பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு கிறிஸ்மஸ் சந்தைக்குப் போனோம். எங்களுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். அவரோடு சந்தையைச் சுற்றுவது தனி அனுபவம். மற்றவர்கள் கடைக்காரரிடம் விலை கேட்பார்கள். அவர் எண்ணிக்கை கேட்பார். வைக்கோலைப் பின்னி மணியும் நட்சத்திரமும் செய்கிற ஒரு ஆங்கிலப் பெண்மணி இருந்தா. அவவிடம் போய், இதற்கு எத்தனை வைக்கோல் என்றார். ஐந்து என்றா. அவர் நம்பவில்லை. அவ்வளவு தடித்த பின்னல் ஐந்து வைக்கோல் தாளில் எப்படி வரும்? அவ நனைத்துவைத்த கட்டிலிருந்து ஐந்து தாளை உருவி, ஒன்றை மற்றதின் மேல் மடித்து மடித்துச் சுற்றிக் காட்டினா. ஒரு தாள் முடியும் இடத்தில் இன்னொன்றைச் செருகினா. அவர் குனிந்து நின்று பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஏதோ தான் பெற்ற பிள்ளை சோதனை பாஸ் பண்ணியதுபோல, "அஞ்சுதான்!" என்றார்.

கூடை பின்னுகிறவர் வேறு ஒரு ரகசியம் சொன்னார். அடியிலிருந்து நிமிர்ந்து நிற்கிற குச்சிகள் ஒற்றையில் இருக்கவேண்டும். ஒரே நாரை உள்ளும் வெளியுமாக ஓட்டிக்கொண்டு வரும்போது, குச்சிகள் இரட்டையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நார் அதே குச்சிக்கு அதே பக்கத்தால் போகும், பின்னல் பிடிக்காது. ஒற்றையில் இருந்தால் மாறி மாறி விழுந்து இறுகும். அன்று முழுக்க அண்ணை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கறுவா, கராம்பு போட்டுக் காய்ச்சிய வைன் விற்கிற இடத்தில் ஒளித்து நின்று குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆண்களிடமும் போய்ச் சொன்னார்.

"அண்ணை, இது தடிமனுக்குக் குடிக்கிற கசாயம்," என்றார் என் கணவர், கோப்பையை மறைத்தபடி.

"குடியுங்கோ, குடியுங்கோ. தடிமன்காரர் எட்டுப் பேர்," என்று எண்ணிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை போனபோது என் மகள் ஆரணிக்கு ஏழு வயது.

நான்கு மணிக்குப் புறப்படவேண்டும். டிசம்பரில் அந்த நேரமே மம்மல் பொழுதாகிவிடும். பஸ்கள் நிறுத்துகிற இடம் குன்றின் அடியில், ஆற்றங்கரையோரம். எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அதே கம்பனியின் இன்னொரு வெள்ளை பஸ் நின்றது. அதிலும் தமிழர்கள், குரொய்டன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதே ரோல்ஸ் வாசம், அதே பாட்டு. இரண்டு பஸ் பிள்ளைகளும் புல்லில் உறைபனியைக் காலால் சீய்த்து விளையாடினார்கள். அந்தப் பக்கத்து அன்ரி ஒருவர், "பிள்ளையள் எல்லாம் ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கூப்பிட்டா. எங்கள் பக்கத்திலும் யாரோ அதையே சொன்னார்கள். வெள்ளைக்காரர் பஸ்ஸாக இருந்திருந்தால் ஒரு பிள்ளையும் மாறி ஏறியிராது. தமிழ் கேட்டது, பக்கத்தில் கதவு திறந்திருந்தது, ஏறிவிட்டார்கள்.

பிள்ளைகள் எப்போதும் கடைசி வரிசையில் கூட்டமாக இருப்பார்கள். எனக்கு பஸ்ஸில் தலை சுற்றும் என்பதால் நான் முன்னுக்கு இருந்தேன். அண்ணை நடுவழியில் எண்ணிக்கொண்டு போய் எண்ணிக்கொண்டு வந்தார். முன்னால் வந்து நின்று, "ஸீபன் உண்ட் ஃபியர்சிக்," என்றார். ஏழும் நாற்பதும். ஜெர்மனில் அப்படித்தான், சின்ன இலக்கம் முதலில். வரும்போதும் நாற்பத்தேழு. சாரதிக்குக் கை காட்டினார்.

நான் ஒருமுறை எழும்பித் திரும்பிப் பார்த்தேன். இதை அன்றும் பிறகும் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஊதா நிறக் கம்பளித் தொப்பி ஒன்றின் உச்சி தெரிந்தது. ஆரணியும் அன்று ஊதாத் தொப்பிதான். போய்ப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவர் எண்ணிவிட்டார் என்று இருந்து, பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினேன்.

நெடுஞ்சாலையில் ஏறி முக்கால் மணித்தியாலம் இருக்கும். அந்த ஊதாத் தொப்பி நடுவழியால் நடந்து முன்னுக்கு வந்தது. அண்ணையின் ஜாக்கெட்டை இழுத்தது.

"மாமா, எங்கட அம்மா எங்க?"

அவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். "நீர் ஆரின்ர பிள்ளை?"

நான் எழும்பியது நினைவிருக்கிறது. "ஆரணி எங்க?" என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கேட்கவில்லை.

சாரதி ஒரு ஓய்விடத்தில் நிறுத்தித் தன் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அவர்கள் மற்ற பஸ் சாரதிக்கு எடுத்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் எடுக்கவில்லை. இருபது நிமிடம். அவள் அந்த பஸ்ஸில் இருக்கலாம். இல்லையென்றால் இருட்டில், ஆற்றங்கரையில், காலியான இடத்தில் நிற்கலாம். என் கணவர் பொலிஸுக்குப் போனில் அவளுடைய உடுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். சப்பாத்து என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு நினைவு வரவில்லை. காலையில் நானே கட்டிவிட்ட சப்பாத்து.

அண்ணை அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். அந்த இருபது நிமிடமும் அவர் கையை விடவில்லை, ஏதோ மெல்லக் கதைத்துக்கொண்டேயிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. என் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வேறு யாருடையதையோ தேற்றிக்கொண்டு நிற்கிறார்.

பிறகு செய்தி வந்தது. ஆரணி அந்த பஸ்ஸில்தான். அவர்கள் யாரையும் எண்ணவே இல்லையாம். எங்களுக்குப் பின்னால் அதே வீதியில் வந்துகொண்டிருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார்கள். கையில் பாதி ரோல்ஸோடு இறங்கினாள்.

"அம்மா, அவையின்ர ரோல்ஸ் சரியான உறைப்பு."

அந்த ஊதாத் தொப்பிப் பிள்ளையின் தாயும் அப்போதுதான் இறங்கி ஓடிவந்தா. நான் அவவைப் பார்க்கவில்லை. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் அண்ணையைப் பேசினேன்.

"எண்ணுறதுக்கு ஒரு மெஷின் போதும் அண்ணை. முகத்தைப் பார்க்க ஏலாதெண்டால் ஏன் மற்றவையின்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறியள்?"

"ஓம், தங்கச்சி," என்றார். லண்டன் வரும்வரை அவர் இருக்கையில் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். விரல்கள் அசையவில்லை. பக்கத்திலிருந்த யாருக்கோ மட்டும் ஒருமுறை சொன்னாராம்: "பட்டறையில ஒருக்கா இப்பிடி நடந்தது. மாடு ரெண்டு வைச்சிட்டன், கழுதை இல்லை. எண்ணிக்கை சரி. பெட்டி பிழை."

மறுநாள் பதினொரு மணிக்கு அவரும் மனைவியும் வந்து பெல் அடித்தார்கள். பிள்ளை நித்திரை என்று கதவைப் பாதி திறந்தபடி சொன்னேன். ஆரணி எனக்குப் பின்னால் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்டிருக்கும். "சரி, படுக்கட்டும்," என்று திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பயணத்துக்குப் போகவில்லை. இனி அவர் விட்டுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த டிசம்பரும் பஸ் போனது. பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னா:

"இப்ப எண்ணுறேல்லை, கண்டீரோ. ஒவ்வொராளுக்கும் முன்னால வந்து நிண்டு, முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லுறார். கைக்குழந்தைக்கும்! ஒரு குழந்தை அவரின்ர மீசையைப் பிடிச்சிட்டுது. பேரைச் சொல்லி முடிக்காமல் விடமாட்டன் எண்டு நிக்கிறார். இருபது நிமிசம். ட்ரைவருக்கு விசர் பிடிக்குது."

அன்று மாலை பஸ் வந்து சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுப் போன் அடித்தது.

"தங்கச்சி, பிள்ளை வீட்டிலயோ?"

"ஓம்."

"சரி." வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. குத்திக் காட்டுகிறாரா? நாங்கள்தான் போகவே இல்லையே. அடுத்த வருடமும் அதே நாள் அதே கேள்வி. அதற்கடுத்த வருடமும். பஸ்ஸில் ஏறாத ஒரு பிள்ளையையும் சேர்த்துச் சரிபார்த்தால்தான் அவருடைய நாள் முடிந்தது போலும். நாலாவது வருடம், போன் வரும் நேரம் நான் சமையலறையில் நின்று காத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வரும். "ஓம்" என்பேன். அவர் "சரி" என்பார். அவ்வளவுதான் எங்களுக்கிடையில் மிஞ்சிய கதை.

பிறகு அவருடைய மூத்த மகன் ஜெர்மனியில் குடும்பமானான். அண்ணையும் மனைவியும் பேரப்பிள்ளைகளோடு இருக்கத் திரும்பிப் போனார்கள். பஸ் நின்றது, போனும் நின்றது. நான்கு வருடங்கள் ஆகிவிட்டன.

போன டிசம்பரில் ஆரணி, இப்போது பதினாறு வயது, சிநேகிதிகளோடு தேம்ஸ் கரையில் போட்டிருக்கிற கிறிஸ்மஸ் சந்தைக்குப் போனாள். அம்மா இல்லாமல் முதல்முறை. ஆறு மணிக்கு வீட்டில் நிற்பேன் என்றாள். ஆறரைக்கு அவளுடைய போன் செத்துவிட்டது. ஏழு மணிக்கு நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன், எங்கே போவது என்று தெரியாமல். ஏழே காலுக்கு என் கணவர், "ரெயின் பிந்தியிருக்கும், உள்ளுக்கு வாரும்," என்றார். அவருடைய குரலும் சரியாக இல்லை. ஏழு இருபதுக்குத் தெருமுனையில் அவளுடைய நடை தெரிந்தது. ரெயின்தான் பிந்தியதாம். இதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை எழுதுகிற இந்தக் கிழமையும் அவள் வெளியே போனால் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

போனைச் சார்ஜில் போட அவள் மேலே போனதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இலக்கம் வாங்கி ஜெர்மனிக்கு எடுத்தேன்.

"அண்ணை, நான் செவன் கிங்ஸில இருந்து. ஆரணி வீட்டை வந்திட்டாள்."

பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போனவ?"

சொன்னேன்.

"தனியவோ?"

"இல்லை, சிநேகிதியளோட. நாலு பேர்."

"நாலும் வந்திட்டுதோ?"

மற்ற மூன்று பேரைப் பற்றி நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. படிக்கட்டில் நின்று மேலே கூப்பிட்டேன்.

"பிள்ளை! மற்ற மூண்டு பேரும் வீட்டை போயிட்டினமோ?"

"ரெண்டு பேர் மெசேஜ் போட்டிட்டினம். ஒராள் பிளேஸ்டோவுக்குப் போனவள், இன்னும் போடேல்ல. ஏன் அம்மா?"

"கேட்டுப் பாரும்."

திரும்ப வந்து சொன்னேன். "ஒராள் மிச்சம், அண்ணை."

"சரி. பொறுத்துப் பாப்பம்."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

"அண்ணை, அண்டைக்கு பஸ்ஸில நான் திரும்பிப் பார்த்தனான். ஒரு ஊதாத் தொப்பி தெரிஞ்சது. முகத்தைப் பார்க்கேல்ல. எழும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் இருந்து தேத்தண்ணி குடிச்சனான். பிறகு உங்களைப் பேசினன்."

அந்தப் பக்கம் குழந்தை தட்டுவது நின்றுவிட்டது. யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கவேண்டும்.

"நான் முகத்தைப் பார்த்தனான், தங்கச்சி," என்றார். "புதுமுகமாக் கிடந்தது. ஆரின்ரயோ சொந்தக்காரப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சன். எண்ணிக்கை சரிவந்தபடியால் கேக்கேல்ல." பிறகு சொன்னார்: "இவ்வளவு காலமும் பிழை விட்டது நான் ஒராள்தான் எண்டெல்லோ இருந்தன்."

அது ஆறுதலா, என் மேல் வருத்தமா என்று குரலில் எனக்குப் பிடிபடவில்லை. மன்னியுங்கோ என்று சொன்னேன். அவருக்கு அது கேட்டிருக்காது. அதே நேரம் ஆரணி மேலேயிருந்து கத்தினாள்.

"அம்மா! அவள் இப்பதான் வீட்டுக்குள்ள போனவளாம்!"

"நாலும் வந்திட்டுது, அண்ணை."

"அப்ப சரி. போம், போய்ப் பிள்ளைக்குச் சுடச்சுட என்னவும் குடும். குளிருக்கால வந்திருக்கிறாள்."